இரண்டு மொழி, ஒரு நாள்: எல்லை ஊரிலிருந்து எழுதிப் பிழைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம், சந்தையில் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து எது வாயில் வருகிறதோ அது. 11 ஆண்டுகளாக எழுத்தும் மொழிபெயர்ப்பும்தான் என் வருமானம். கூடவே இரண்டு கறவை மாடுகள் இருக்கின்றன.

தமிழ் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் வருகிறார்கள். "அக்கா, எழுதினால் சோறு கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். கிடைக்கும். நான் பார்த்தவரையில் எழுத்தை நம்பி வந்து பாதியில் விட்டுப் போனவர்களில் திறமை இல்லாதவர்கள் மிகக் குறைவு. ஒரு பக்கம் எழுதத் தங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரியாமலேயே விலை சொன்னவர்கள்தான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் நேரமும் பணமும் பிரியாமல் சேர்ந்தே வரும்.

படி 1: உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

சென்னையில் இருக்கும் எழுத்தாளருக்கு இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது. மலையாளம் நமக்குப் படித்து வந்த மொழி இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து வந்த மொழி. இதற்குச் சந்தை உண்டு.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, இந்த மாநிலத்தின் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் அப்படியே எழுதலாம். கேரளப் பாடநூல்கள் தமிழிலும் அச்சாகின்றன. இது அரசுப் பக்கம். தனியார் பக்கம் இன்னும் பெரியது. கோயம்புத்தூர் ஜவுளிக்கடைகள் ஓணத்துக்கு மலையாளத்தில் விளம்பரம் செய்கின்றன. பாலக்காட்டு நகைக்கடைகள் தீபாவளிக்குத் தமிழில் துண்டறிக்கை அடிக்கின்றன. எல்லை தாண்டி நோயாளிகள் வரும் மருத்துவமனைகளின் ஒப்புதல் படிவங்கள், கூட்டுறவு வங்கிகளின் கடன் விதிகள், சபரிமலைப் பாதையில் நிற்கும் அறிவிப்புப் பலகைகள், திரைப்படங்களின் துணைத்தலைப்புகள் என்று இவை எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கோ ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார்.

"இதெல்லாம் எழுத்தா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது திருவனந்தபுரத்துத் தமிழ் எழுத்தாளர்களைப் பற்றி. ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தார். நீல பத்மநாபன் மின்வாரியத்தில் பொறியாளராக வேலை பார்த்தார். இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். பிழைப்புக்கு ஒரு வேலையும் மனத்துக்கு ஒரு வேலையுமாக வாழ்வது இந்த மண்ணில் புதிதில்லை. நமக்குக் கிடைத்திருக்கும் வசதி என்னவென்றால், இரண்டு வேலைக்கும் ஒரே கருவி போதும்.

படி 2: பத்து நாள் நேரக் கணக்கு எழுதுங்கள்

யாரிடமும் வேலை கேட்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எழுத உட்காரும்போது நேரத்தைக் குறியுங்கள், எழும்போது குறியுங்கள், எத்தனை சொல் முடிந்தது என்று குறியுங்கள். முதல் வரைவு, திருத்தம், மெய்ப்புப் (ப்ரூஃப்) பார்த்தல், தொலைபேசியில் பேசியது, கோப்பை அனுப்பியது எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுங்கள்.

நான் முதன்முதலில் எழுதிப் பார்த்தபோது அதிர்ந்துவிட்டேன். மணிக்கு 500 சொல் மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரைவு அந்த வேகத்தில்தான் போனது. திருத்தத்தையும் சொல் தேடலையும் சேர்த்தால் மணிக்கு 250 சொல்தான் முழுதாக முடிந்தது. அதாவது மூன்று ஆண்டுகள் பாதி விலைக்கு வேலை செய்திருக்கிறேன்!

இன்னொன்றும் அந்த நோட்டில் தெரியும். நாள் முழுவதும் மேசையில் இருந்தாலும் கூலி வரும் வேலை நான்கு மணி நேரத்தைத் தாண்டாது. மீதி நேரம் கடிதம், தேடல், காத்திருப்பு, வீட்டு வேலை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் கணக்குப் போடும்போது எட்டு மணி நேரம் என்று போட்டுவிடாதீர்கள்.

படி 3: ஒரு மணி நேரத்தின் விலையைக் கண்டுபிடியுங்கள்

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். உங்கள் எண்களை இதில் போட்டுக்கொள்ளுங்கள். குடும்பச் செலவு மாதம் 24,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,88,000. இணையம், கணினி பழுது, மருத்துவக் காப்பீடு, புத்தகங்கள் என்று 36,000 சேர்த்தால் 3,24,000. ஆண்டில் 52 வாரம். திருவிழா, காய்ச்சல், கல்யாணம், வேலையே வராத நாட்கள் இவற்றுக்கு ஆறு வாரம் கழியுங்கள். 46 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். மொத்தம் 920 மணி நேரம். 3,24,000ஐ 920ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 352 ரூபாய். மணிக்கு 250 சொல் முடிப்பவர் சொல்லுக்கு 1 ரூபாய் 40 காசுக்குக் கீழே வேலை எடுத்தால் வீட்டில் எங்கோ ஒரு பானை காலியாகும்.

இந்த எண்ணை அடி விலையாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் சில வேலைகளை அதற்குக் கீழே எடுக்க வேண்டி வரும். எடுங்கள். ஆனால் எவ்வளவு கீழே, எத்தனை நாளைக்கு என்று நோட்டில் எழுதிவிட்டு எடுங்கள்.

புத்தக உரிமைத்தொகையையும் (ராயல்டி) இதே தராசில் வையுங்கள். 200 ரூபாய் விலையுள்ள புத்தகத்துக்கு 10 சதவீதம் உரிமைத்தொகை பேசி, 500 பிரதி விற்றால் உங்கள் கைக்கு 10,000 ரூபாய் வரும். ஒரு நாவலுக்கு 600 மணி நேரம் ஆனது என்றால் மணிக்கு 17 ரூபாய்கூட இல்லை. அதனால் நாவல் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. நாவலைக் குடும்பச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அதற்கான நேரத்தைப் பின்னால் ஒதுக்குவோம்.

படி 4: மொழியில் எங்கே நேரம் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். எல்லை ஊர்க்காரர்களாகிய நாம் தடுக்கி விழுவது இங்கேதான். இரண்டு மொழியும் தெரியும் என்ற நம்பிக்கையே நம்மை ஏமாற்றும்.

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. நமக்கு அது வேகம். அங்கே விகாரம் என்றால் உணர்ச்சி, இங்கே அருவருப்பான தோற்றம். யோகம் அங்கே கூட்டம், இங்கே அதிர்ஷ்டம். விஷமம் அங்கே வருத்தம், இங்கே குறும்பு. ராஜி வைத்தார் என்றால் அங்கே பதவி விலகினார், இங்கே சமாதானம் ஆனார். உபன்யாசம் அங்கே பள்ளிக் குழந்தை எழுதும் கட்டுரை. ஆதாரம் அங்கே நிலப் பத்திரம். இவை எல்லாம் ஒரே எழுத்துகளில் வந்து நிற்பதால் களைத்த கண் பார்க்காமல் கடந்துவிடும். இரவு பத்து மணிக்கு மேல் நான் மலையாளத்திலிருந்து மொழிபெயர்ப்பதே இல்லை. என் நோட்டில் தவறுகள் எந்த நேரத்தில் வந்தன என்று பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

வினைச்சொல் அடுத்த கண்ணி. மலையாள வினைக்குத் திணை, பால், எண், இட விகுதி கிடையாது. "வந்நு" என்று இருந்தால் அது வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன எதுவாகவும் இருக்கலாம். தமிழில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். கதையில் எழுவாய் மூன்று பக்கத்துக்கு முன்னால் இருக்கும். அதைத் தேடிப் போகும் நேரத்துக்கு யாரும் தனியாகப் பணம் தருவதில்லை. மரியாதை விகுதியும் அப்படித்தான். மாமியாரை மருமகள் எந்த விகுதியில் பேசுவாள் என்பதைத் தமிழில் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே இலக்கிய மொழிபெயர்ப்புக்கும் படிவ மொழிபெயர்ப்புக்கும் ஒரே விலை சொல்லாதீர்கள். என் கணக்கில் கதைக்கு ஒன்றரை மடங்கு நேரம் ஆகிறது.

மூன்றாவது, சொல் எண்ணிக்கை. மலையாளத்தில் சொற்களைச் சேர்த்து எழுதும் பழக்கம் அதிகம். "பறஞ்ஞதாணென்னு" அங்கே ஒரு சொல். "சொன்னதுதான் என்று" இங்கே இரண்டு. மூலத்தின் சொற்களை எண்ணிப் பணம் தருவதாகச் சொன்னால் உங்களுக்குக் குறையும். தமிழிலிருந்து மலையாளத்துக்குப் போகும்போது தலைகீழாகும். எந்தப் பக்கத்துச் சொல்லை எண்ணுகிறோம் என்பதை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

இதற்கெல்லாம் மருந்து ஒரு சொற்பட்டியல். மலையாளத்தில் குடிசிக என்றால் தமிழில் நிலுவை, கடு என்றால் தவணை, நிகுதி என்றால் வரி, அபேக்ஷ என்றால் விண்ணப்பம் என்று துறைவாரியாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். சில சொற்களுக்கு ஈடு கிடையாது. நில ஆவணங்களில் வரும் தண்டப்பேர் எண் தமிழ்நாட்டின் பட்டா எண்ணுக்குப் பக்கத்தில் வரும், ஆனால் அதுவே ஆகாது. நான் தண்டப்பேர் என்றே எழுதி, முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்க்கிறேன். என் பட்டியலில் இப்போது ஏறத்தாழ 3,000 சொற்கள் இருக்கின்றன. முதல் ஆண்டில் ஒரு கூட்டுறவு வங்கிப் படிவத்துக்கு இரண்டு நாள் ஆனது. இப்போது ஒரு காலை போதும், விலை அதேதான். பட்டியல் சம்பாதித்துத் தந்த நேரம் அது.

நிலப் பத்திரம் எழுதித் தரச் சொல்லி ஊரில் கேட்பார்கள். செய்யாதீர்கள். அது உரிமம் பெற்ற ஆதாரம் எழுத்துக்காரர்களின் தொழில். எழுதி முடித்த பத்திரத்தை மற்ற மொழியில் படித்துப் புரிந்துகொள்ளும்படி மொழிபெயர்த்துத் தருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தித் தரும் வேலை இப்போது நிறைய வருகிறது, பாதி விலைக்கு. ஒத்துக்கொள்வதற்கு முன் இரண்டு பக்கம் கேட்டு வாங்கி, கடிகாரம் வைத்துத் திருத்திப் பாருங்கள். நான் அளந்ததில் அறிவிப்பு, படிவம் போன்றவற்றுக்கு உண்மையாகவே நேரம் குறைகிறது. கதைக்கும் பேட்டிக்கும் குறையவில்லை. எழுவாய் மாறிப்போன வாக்கியத்தைக் கண்டுபிடிக்க, மூலத்தை முழுதாகப் படித்தே தீர வேண்டியிருக்கிறது.

படி 5: வேலை தேடும் முறை

முதலில் அச்சகங்களுக்குப் போங்கள். சித்தூர், பொள்ளாச்சி, பாலக்காடு, கோயம்புத்தூர் அச்சகங்களில் இரு மொழித் துண்டறிக்கைகள் தினமும் அடிக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே தட்டச்சு செய்பவரே மொழிபெயர்க்கிறார். அவருடைய சுமையைக் குறைப்பதாகச் சொல்லிப் பேசுங்கள். அவர் உங்களுக்குப் போட்டியாளர் என்று நினைக்க வேண்டாம். எனக்கு முதல் மூன்று ஆண்டு வேலை முழுவதும் ஒரே அச்சகத்துத் தட்டச்சர் அனுப்பியதுதான். இன்றும் ஓணத்துக்கு அவர் வீட்டிலிருந்து பாயசம் வருகிறது.

மாதிரிக்கு மூன்று பக்கம் தயாராக வைத்திருங்கள்: ஒரு படிவம், ஒரு விளம்பரம், ஒரு கதைப் பகுதி. மாதிரிக் கதைக்குக் காப்புரிமை முடிந்த எழுத்தை எடுங்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும். மலையாளக் கவிஞர்களான, 1924இல் மறைந்த குமாரன் ஆசானையும் 1958இல் மறைந்த வள்ளத்தோளையும் யாரிடமும் கேட்காமல் மொழிபெயர்க்கலாம். உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் நாவலை நான்கு மாதம் உட்கார்ந்து மொழிபெயர்த்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்ட ஒரு தம்பியை எனக்குத் தெரியும். உரிமை வேறொருவரிடம் போயிருந்தது. மொழிபெயர்க்கும் உரிமை மூல ஆசிரியருடையது. முதலில் கடிதம், பிறகு முதல் வரி.

கோப்புகளைப் பற்றி ஒரு சொல். ஒருங்குறியில் (யூனிகோட்) மட்டும் வேலை செய்யுங்கள், தமிழ் 99 விசைப்பலகையைப் பழகுங்கள். மலையாளத்தின் சில்லு எழுத்துகளுக்கு (நம் புள்ளி வைத்த மெய்யெழுத்துப் போன்றவை) 2008இல்தான் ஒருங்குறியில் தனிக் குறியீடு வந்தது. அதற்கு முந்தைய முறையில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளில் ஒரு சொல்லைத் தேடினால் கண்ணெதிரே இருந்தும் கிடைக்காது. சொற்பட்டியல் வேலை செய்யவில்லையே என்று ஒரு நாளை வீணாக்கிய பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

படி 6: பேச்சை எழுத்தில் வாங்குங்கள்

"சேச்சி, நாளைக்கே வேண்டும்" என்று தொலைபேசி வரும். சரி என்று சொல்வதற்கு முன் ஒரே ஒரு மின்னஞ்சல். என்ன வேலை, எத்தனை சொல், எந்தப் பக்கத்துச் சொல், எந்தத் தேதி, எவ்வளவு தொகை, எத்தனை முறை திருத்தம். புதியவர் என்றால் பாதி முன்பணம். அவசர வேலைக்கு நான் கால் பங்கு கூடுதலாக வாங்குகிறேன். அந்த அவசரத்துக்காக வேறொருவரின் வேலையைத் தள்ளி வைக்கிறேனே.

பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போடும்போது காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை நினைவில் வையுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். வேறு விதமாக எழுதப்படாதவரை, வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். இது தெரியாத காலத்தில் ஒரு பதிப்பகத்திடம் என் முதல் மொழிபெயர்ப்பைக் கொடுத்துவிட்டு ஆறு ஆண்டுகள் காத்திருந்தேன். அவர்கள் அச்சிடவும் இல்லை, நான் வேறு இடத்தில் கொடுக்கவும் துணியவில்லை. இரண்டாம் ஆண்டே அது மறுபடி என்னுடையதாகியிருக்கிறது!

பணம் வராவிட்டால் என்ன செய்வது? உத்யம் என்ற, குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவைச் செய்துகொள்ளுங்கள். இணையத்தில் இலவசம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு செய்த குறுந்தொழிலுக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தில் தேதி இல்லை என்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. நான் வழக்குக்குப் போனதில்லை. பில்லின் அடியில் பதிவு எண்ணையும் இந்த 45 நாள் வரியையும் அச்சிடத் தொடங்கிய பிறகு, நினைவூட்டுக் கடிதங்கள் எழுதும் நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

எல்லை தாண்டி பில் அனுப்ப ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்று பயமுறுத்துவார்கள். சேவைகளுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. 2017 அக்டோபரிலிருந்து இது வெளிமாநிலச் சேவைக்கும் பொருந்தும். பெரிய நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் வரி பிடித்துவிட்டுத்தான் தருவார்கள். அது போன பணம் இல்லை. உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். இதற்கு ஆண்டில் அரை நாள் ஒதுக்குங்கள்.

படி 7: இரண்டு நாள்காட்டியையும் சுவரில் மாட்டுங்கள்

நம் ஊரில் வேலை மழையைப் போலப் பருவத்தில் வரும். ஆடியிலிருந்து ஓண விளம்பரங்கள். ஓணம் முடிந்ததும் தீபாவளித் துண்டறிக்கைகளும் மலர்க் கட்டுரைகளும். கார்த்திகை முதல் தேதி தொடங்கி மகரவிளக்கு வரை சபரிமலை சார்ந்த அறிவிப்புகள். அதே நேரத்தில் ஜனவரிச் சென்னைப் புத்தகக் காட்சிக்காகப் பதிப்பகங்கள் மெய்ப்புகளை வாரி அனுப்பும். மாசி, பங்குனியில் கை காலி. சித்திரை வெயிலில் பிற்பகல் எங்கள் ஓட்டு வீட்டில் எழுதவே முடியாது.

எனவே ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வரும் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு மாசிக்கு வையுங்கள். கல்யாணம், வீட்டுப் பழுது, சொந்தப் புத்தகத்தின் நீண்ட வேலை எல்லாவற்றையும் அந்தக் காலி மாதங்களுக்குத் தள்ளுங்கள்.

படி 8: ஒரு நாளை வகுத்தல்

என் நாளைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நாலரை மணிக்கு எழுந்திருக்கிறேன். ஆறு மணி வரை என் சொந்த எழுத்து. தொலைபேசி சமையலறையில் இருக்கும். ஆறு மணிக்குப் பால் கறந்து சங்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கதை மொழிபெயர்ப்பு, மனம் தெளிவாக இருக்கும் நேரம் அது. பதினொன்றுக்கு மேல் அரை மணி நேரம் எல்லாத் தொலைபேசிகளும் கடிதங்களும். எனக்கு வேலை தருபவர்களுக்கு இந்த அரை மணி நேரம் தெரியும், அப்போதுதான் அழைப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் படிவம், விளம்பரம். மாலையில் மாடுகளும் வீடும். இரவில் அடுத்த நாளுக்கான மெய்ப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் படுப்பேன்.

சொந்த எழுத்தை நாளின் கடைசியில் வைத்த ஆண்டுகளில் நான் ஒரு சிறுகதைகூட முடிக்கவில்லை. கூலி வேலை எப்போதும் சத்தமாகக் கதவைத் தட்டும், கதை வாசலில் பேசாமல் நிற்கும். அதனால் அதை முதலில் உள்ளே அழைக்கிறேன். ஒன்றரை மணி நேரத்தில் சில நாள் ஒரு பக்கம் வரும், சில நாள் நான்கு வரி. கொட்டிலில் மாடு கத்தத் தொடங்கியதும் வாக்கியத்தின் பாதியிலேயே எழுந்துவிடுவேன். மறுநாள் விளக்கைப் போட்டு உட்கார்ந்ததும் கை முதலில் அந்தப் பாதி வாக்கியத்தைத்தான் தேடும்.